அட்டவணையும் ஆய்வாளரின் பொறுப்பும்

ஆய்வேட்டின் அட்டவணையைச் சீர்செய்வது தட்டச்சுக் கடைக்காரரின் வேலை என்றோர் எண்ணம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. கருத்து ஆய்வாளருடையதாம், கட்டமும் கோடும் கடைக்காரருடையவையாம். எந்த எண்ணை எந்த எண்ணின் அருகில் நிறுத்துவது என்பதே ஒரு வாதம். அதைப் பிறரிடம் விட்டுவிடுபவர் தம் வாதத்தில் ஒரு பகுதியையும் விட்டுவிடுகிறார்.

சித்தூரை எடுத்துக்கொள்ளலாம். 2011 கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 41,74,064. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளிப் பகுதி அன்னமய்யா மாவட்டத்திற்குச் சென்றது. அதே 2011 கணக்கின்படி, எஞ்சிய சித்தூரில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 18.73 லட்சம். இவ்விரு எண்களையும் 'சித்தூர்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் நிறுத்தினால் பாதிக்கும் மேற்பட்ட மக்கள் காணாமற்போவர். புதிய சித்தூரையும் திருப்பதியையும் கூட்டினாலும் பழைய சித்தூர் மீளாது. சூளூர்ப்பேட்டை முதலிய பகுதிகள் நெல்லூரிலிருந்து திருப்பதியுடன் இணைக்கப்பட்டவை.

இச்சிக்கல் புதிதும் அன்று. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூரிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது. ஆகவே 1951, 1961 கணக்குகளில் வரும் 'சித்தூர்' ஒரே நிலப்பரப்பைக் குறிப்பதில்லை. எல்லை எந்த ஆண்டினது என்பதை நெடுவரிசையின் தலைப்பிலேயே எழுத வேண்டும். இடமில்லையெனில் அட்டவணையின் அடியிலேயே குறிப்பு இட வேண்டும். லேட்டெக்கில் அதற்கெனவே திரீபார்ட்டேபிள் என்னும் தொகுப்பு இருக்கிறது.

எண்களை நடுவில் குவிக்கும் வழக்கமும் கண்டிக்கத்தக்கது. 987 என்பதும் 41,74,064 என்பதும் நடுவில் நின்றால் ஒன்றின்கீழ் ஒன்றும், பத்தின்கீழ் பத்தும் வாரா. ஒப்பிட வந்த கண் ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே எண்ணிப் பார்க்க நேரும். முழு எண்களை வலப்புறம் ஒட்டி நிறுத்தினாலே போதும். தசம எண்களுக்கு எஸ்.ஐ.யூனிட்எக்ஸ் தொகுப்பு புள்ளியின்கீழ் புள்ளியை நிறுத்தித் தரும். ஆனால் அது இலக்கங்களை இயல்பாக மும்மூன்றாகவே பிரிக்கும்; இலட்ச முறை வேண்டுவோர் அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டத்திற்குக் கட்டம் செங்குத்துக் கோடு இழுப்பதைப் புக்டேப்ஸ் தொகுப்பின் கையேடு அறவே விலக்குகிறது. சீராக அமைந்த இடைவெளியே வரிசைகளைப் பிரித்துக் காட்டும்.

"கருத்து சரியாயிருந்தால் வடிவம் எப்படியிருந்தால் என்ன?" என்பர் சிலர். மென்பொருள் எவரையும் நேர்மையாளராக்காது என்பது மெய்யே. அழகாக நிற்கும் அட்டவணையும் பொய் சொல்லக்கூடும். அதனாலேயே அதனைக் கடைக்காரரிடம் ஒப்படைக்கலாகாது. ஒரு நெடுவரிசைக்கு ஓர் அலகு, ஓர் எல்லை, ஒரு பொருள் என்னும் முடிவை எடுக்க வல்லவர் அத்தரவை அறிந்தவர் மட்டுமே.

நெறியாளர்கள் மேற்கோள் முறையில் ஒரு காற்புள்ளி பிறழ்ந்தாலும் ஏட்டைத் திருப்பி அனுப்புகின்றனர். மாவட்ட எல்லை பிறழ்ந்த அட்டவணைக்கும் அதே கண்டிப்பைக் காட்டட்டும்.