தெரிந்த முடிவு

அமெரிக்காவின் ஹால்மார்க் தொலைக்காட்சி 2009 முதல் ஆண்டுதோறும் நத்தார்க் காலக் காதற்படங்களை வரிசையாக ஒளிபரப்புகிறது. நகரத்துப் பெண் பனி பொழியும் சிற்றூருக்கு வருவாள். இறுதியில் காதல் கைகூடும். முதற் பத்து நிமிடங்களிலேயே முடிவு தெரிந்துவிடும். விமர்சகர்கள் இதனைக் குறையென்பர். எனக்கு உடன்பாடில்லை.

டிசம்பர்ப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலைப் பருவகாலம் தொடங்கும். நல்லதண்ணியிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை இரவோடிரவாக ஏறுவோர், உச்சியில் காத்திருப்பது சூரியோதயம் என்பதை அறிந்தே ஏறுகின்றனர்.

அம்மலையடிவாரத் தோட்ட லயங்களிலோ எதன் முடிவும் முன்கூட்டித் தெரிவதில்லை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை பல்லாண்டு இழுபட்டு 2021இல்தான் நிறைவேறியது. பகலெல்லாம் கொழுந்து பறித்தவர் இரவில் நல்ல முடிவு நிச்சயமான கதையொன்றை நாடினால், அதை ரசனைக் குறைவென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.