பின்வருவோர்க்கு ஒரு பங்கு

விளையாட்டென்று இகழப்படுவனவற்றுள்ளும் சிந்தித்தற்குரியன சில உள. ஜப்பான் நாட்டுக் கேப்காம் நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில் 2' என்னும் கணினி விளையாட்டு அத்தகையது. நச்சுக்கிருமி பரவியதனால் மாந்தர் நடைப்பிணங்களாய்த் திரியும் ரக்கூன் என்னும் கற்பனை நகரத்தில், லியோன் என்னும் இளங்காவலனும் கிளேர் என்னும் கல்லூரி மாணவியும் உயிர்பிழைக்கப் போராடுவதே அதன் கதை. 2019-இல் அந்நிறுவனத்தாரே அதனைப் புதுக்கி வெளியிட்டனர். புதியது வந்தபின் பழையது எற்றுக்கு என்பார் பலர். யாம் அதற்கு உடன்படோம்.

புதியதன் சிறப்பை யாம் மறுக்கவில்லை. பழையதில் அறைகளெல்லாம் அசையா ஓவியங்களாய் நிற்கும். புதியதிலோ வீரனின் தோளுக்குப் பின்னின்று நாமும் உடன் செல்கின்றோம். ஒளியும் நிழலும் மெய்யே போல் தோன்றுகின்றன.

எனினும் பழையதன்கண் இருந்த அரியதொரு நுட்பம் புதியதில் இல்லை. பழையதில் ஒருவர் கதையை ஆடி முடித்தபின் மற்றவர் கதையை ஆடுதல் வேண்டும். காவல் நிலையத்து ஆயுத அறையில் ஓர் இயந்திரத் துப்பாக்கியும், மிகுதியான பொருள்களைச் சுமக்க உதவும் ஒரு பையும் உள. முன்வந்தவர் இரண்டையும் எடுத்துக்கொள்வாராயின், பின்வருபவர் அங்கே காண்பது வெறுமையே. நடைப்பிணங்கள் நெருங்கும் வேளையில், இன்னும் வந்துசேராத ஒருவருக்காகக் கையை மடக்குதல் எளிதோ? பின்வருபவரையும் நாமே ஆட்டுவிப்பதால் இஃது ஈகையன்று, தன்னலக் கணக்கே எனச் சிலர் கூறலாம். ஆயினும், அஞ்சி நிற்கும்போதும் பிறர் பங்கை நினைக்கும் பழக்கத்தை இவ்வறை நமக்குக் கற்பிக்கின்றது என்பது எம் துணிபு. புதிய பதிப்பை மட்டும் ஆடுவோர் இப்பாடத்தை அறியார்.

பாடபேதம் ஆராயும் தமிழ் மாணவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. திருந்திய பதிப்பு வந்ததென்று பழஞ்சுவடியை எவரும் எரிப்பதில்லை; பின்னையதில் விடுபட்டது முன்னையதில் கிடைத்தலும் கூடும். 2024-இல் அப்பழைய விளையாட்டு இக்காலக் கணினிகளுக்கு ஏற்பச் செப்பனிடப்பெற்று மீண்டும் விற்பனைக்கு வந்தமை பெரிதும் மகிழத்தக்கது. புதுக்குவோர் பழையதையும் அழியாது காத்தல் வேண்டும். அதுவே, ஆயுத அறையில் அவர் பின்வருவோர்க்கு விட்டுச்செல்லும் பங்காகும்.