பழி சென்சார் மீது, பழுது வயரில்: ஜொகூர் கட்டுமானத் தளங்கள் தேடும் புதிய கைத்திறன்

ஜொகூர் பாரு: மண் தோண்டும் சத்தம் கேட்காத வட்டாரம் ஜொகூரின் தெற்கில் இன்று குறைவு. புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் தடம் ஒரு பக்கம். செடெனாக்கில் எழும் தரவு மையங்கள் இன்னொரு பக்கம். 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல உடன்பாடு கையெழுத்தான பிறகு எதிர்பார்ப்பு மேலும் கூடியிருக்கிறது.

இத்தனை வேலைக்கும் அடித்தளம் மண்வாரி, புல்டோசர், கிரேன் போன்ற கனரக இயந்திரங்கள். அவற்றை ஓட்டுவோரிலும் பழுதுபார்ப்போரிலும் நம்மவர்கள் உண்டு. தோட்டத்து டிராக்டரில் தொழில் பழகி, பிறகு பட்டணத்துப் பட்டறைக்கு வந்தவர்களும் அவர்களில் அடக்கம். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் அந்த அனுபவம் இன்றும் மதிப்புள்ளதுதான். ஆனால் அது மட்டும் இப்போது போதவில்லை.

*கணினி கையில் இன்ஜின்*

புதிய டீசல் இன்ஜினில் எவ்வளவு எண்ணெய், எந்த நொடியில் தெளிக்க வேண்டும் என்பதைக் கணினிதான் முடிவு செய்கிறது. ஆயில் அழுத்தம், தண்ணீரின் சூடு, எரிபொருள் அழுத்தம், இன்ஜின் சுழலும் வேகம் எல்லாவற்றையும் அதற்குச் சொல்வது சென்சார்கள். தகவல் தவறாக வந்தால் கணினி இன்ஜினின் சக்தியைக் குறைக்கும். சில வேளைகளில் இன்ஜினையே நிறுத்திவிடும். ஒரு மண்வாரி நின்றால் மண் ஏற்ற வந்த லோரிகளும் வரிசையில் நிற்கும். வாடகை மட்டும் நிற்காது. சிறிய குத்தகையாளருக்கு அந்த மாத லாபமே போய்விடலாம்.

அந்த அவசரத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. திரையில் ஆயில் அழுத்த சென்சாரின் எண் தெரிந்ததும் புது சென்சார் வாங்கி மாட்டுகிறார்கள். மறுநாள் அதே எண் மீண்டும் வருகிறது. உடனே கணினியையே மாற்றச் சொல்லும் பேச்சு எழுகிறது.

*எண் சொல்வது என்ன?*

கனரக வாகனங்களில் பரவலாக உள்ள ஜே1939 தரநிலையில் கோளாறு இரண்டு எண்களாக வரும். எஸ்பிஎன் என்பது எந்த அளவீடு என்பதைச் சொல்லும். எஃப்எம்ஐ என்பது அதில் என்ன வகைக் கோளாறு என்பதைச் சொல்லும். எஸ்பிஎன் 100 என்றால் ஆயில் அழுத்தம். 110 என்றால் இன்ஜின் தண்ணீரின் சூடு. சில நிறுவனங்கள் தங்கள் சொந்த எண்களைக் காட்டும். அவற்றுக்குக் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது இரண்டாவது எண். எஸ்பிஎன் 100-உடன் எஃப்எம்ஐ 1 வந்தால், தகவல் முறையாக வருகிறது, ஆயில் அழுத்தம்தான் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். அதே 100-உடன் எஃப்எம்ஐ 3 அல்லது 4 வந்தால், வோல்ட் அளவு கூடியோ குறைந்தோ இருக்கிறது; அதாவது கோளாறு மின்சுற்றில். முதலாவதை "சென்சார் பிரச்சினைதான்" என்று ஒதுக்கினால் இன்ஜின் போய்விடும். இரண்டாவதற்கு இன்ஜினைப் பிரித்தால் பணம் போய்விடும்.

மின்சுற்று என்பது சென்சார் மட்டுமல்ல. வயர், இணைப்பான், கணினி மூன்றும் அதில் சேரும். மழையும் செம்மண் சேறும் நிறைந்த தளத்தில் இணைப்பானுக்குள் ஈரம் இறங்கும். பின்கள் பச்சை பூக்கும். அழுத்தத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவதும் அதே வேலையைச் செய்யும். ஆட்டத்தில் வயர் இரும்பில் உரசித் தேயும். எலி கடிப்பதும் உண்டு.

*அளந்து பார்க்கும் முறை*

முதலில் எண்களை எழுதி வைக்க வேண்டும், அழித்துவிடக் கூடாது. அடுத்து, வயரையும் இணைப்பானையும் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, சென்சாரைக் கழற்றி, மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். மூன்று வயர் அழுத்த சென்சார்களுக்குப் பெரும்பாலும் 5 வோல்ட் வரும். வராவிட்டால் சென்சார் மீது பழி போட முடியாது. அதே 5 வோல்ட்டை வேறு சென்சார்களும் பகிர்ந்துகொள்ளக்கூடும். ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவையும் சேர்ந்து கோளாறு காட்டும். ஒவ்வொன்றாகக் கழற்றினால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

5 வோல்ட், எர்த், சிக்னல் வயர் மூன்றும் சரியாக இருந்தால்தான் சந்தேகம் சென்சார் பக்கம் திரும்ப வேண்டும். ஆயில் அழுத்தத்தில் ஐயம் இருந்தால் சாதாரண மீட்டரை மாட்டி உண்மை அழுத்தத்தைப் பார்த்துவிடலாம். வயரின் தோலில் ஊசி குத்தி அளப்பது மட்டும் வேண்டாம். இன்றைய ஓட்டை நாளைய துரு.

*பூட்டும் சாவியும்*

எல்லாம் மல்டிமீட்டரோடு முடிவதில்லை. சில பழுதுகளுக்குத் தயாரிப்பாளரின் மென்பொருள் தேவை. அது வெளிப் பட்டறைகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. இது உலகளாவிய சண்டை. அமெரிக்காவின் கொலராடோவில் விவசாய இயந்திரப் பழுதுபார்ப்புக்கான கருவிகளையும் தகவலையும் உரிமையாளருக்கும் வெளிப் பட்டறைக்கும் தர வேண்டும் என்ற சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் வாணிப ஆணையம் டிராக்டர் நிறுவனமான ஜான் டியர் மீது இதே விவகாரத்தில் வழக்குத் தொடுத்தது. ஆனால் வயரையும் 5 வோல்ட்டையும் சோதிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

*அனுபவத்துக்குச் சான்றிதழ்*

நம்மவர்களில் பலரிடம் கைத்திறன் உண்டு, காகிதம் இல்லை. பெரிய குத்தகை நிறுவனங்கள் கேட்பதோ காகிதம். 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் எஸ்கேஎம் சான்றிதழை வகுப்பில் அமர்ந்து மட்டும்தான் பெற வேண்டும் என்பதில்லை. பிபிடி எனும் முன் அனுபவ அங்கீகார முறையில், செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டியும் பெறலாம். இளையோருக்கு, வேலையிடத்திலேயே பெரும்பகுதி பயிற்சி தரும் எஸ்எல்டிஎன் முறை உண்டு. மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்களும் ஜொகூரிலேயே பாசிர் கூடாங்கிலும் பத்து பகாட்டிலும் உள்ளன. சேரும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: பாடத்தில் மின்சுற்றுச் சோதனை உண்டா?

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கலாம். இயந்திரம், கோளாறு எண், அளந்த வோல்ட், கண்டுபிடித்த காரணம், எடுத்த படம் என வேலைக்கு ஒரு பக்கம். பட்டறையில் அது அடுத்த பழுதுக்கு வழிகாட்டும். பிபிடி விண்ணப்பத்தில் அதுவே ஆதாரமாகும்.