வேகத்தின் மீது ஏன் இத்தனை இளக்காரம்?

இலக்கியம் பேசுகிற இடங்களில் மோட்டார் பந்தயம் என்று சொன்னால் போதும், முகங்கள் சுருங்கிவிடுகின்றன. பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, பெட்ரோலைக் கரியாக்கும் வீண்வேலை, மேற்கிலிருந்து இறக்குமதியான கேளிக்கை என மூன்று தீர்ப்புகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. மாடு ஓடினால் பண்பாடு, மோட்டார் ஓடினால் படாடோபம். இந்தக் கணக்கை நாங்கள் ஏற்கவில்லை. லாரிகளின் தாய்வீடான சேலம் நாமக்கல் சமவெளியில் இருந்துகொண்டு இதை ஏற்பது நன்றிகெட்டதனம் என்றும் சொல்வோம்.

கொங்கு நாட்டில் ரேக்ளா ஒரு குடும்பக் காரியம். 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தபோதும், 2017-ல் தமிழகச் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தபோதும், 2023-ல் அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பானபோதும் எழுத்தாளர்கள் பலர் ஒரே வாதத்தைத்தான் வைத்தார்கள். ஒரு குடியானவர் காளையை வளர்ப்பது லாபத்துக்காக அன்று; தகப்பன் கைப்பழக்கம் மகனுக்குப் போகிறது; அந்தப் பிணைப்பைப் பணத்தால் அளக்கக்கூடாது. நல்ல வாதம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு எஞ்சினைப் பிரித்துப்போட்டு, மகளை அருகில் உட்காரவைத்து, கார்புரேட்டர் மூச்சுவிடும் விதத்தைச் சொல்லிக்கொடுக்கிற தகப்பனுக்கு மட்டும் அந்த வாதம் ஏன் பொருந்தாமல் போகிறது?

பணக்கார விளையாட்டு என்ற குற்றச்சாட்டை முதலில் பார்ப்போம். செலவு பிடிக்கிற காரியம்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதன் பிறப்பு மாளிகைகளில் மட்டும் நிகழவில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள் போலீசுக்குத் தப்ப முடுக்கிவைத்த சாதாரணக் கார்களிலிருந்து வளர்ந்ததே ஸ்டாக் கார் பந்தயம். 1948-ல் அதற்கு நாஸ்கார் என்ற அமைப்பு வந்தது. 1956-ல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்ற தொழிலாளி, புல்வெட்டும் எந்திரத்தின் எஞ்சினை இரும்புக்குழாய்ச் சட்டத்தில் பொருத்தி ஓட்டியதுதான் முதல் கோ-கார்ட். சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. அங்கே சாதாரண ஃபியட்டுகளும் ஹெரால்டுகளும் ஓடின.

கோவையின் கரிவர்தன் ஆலை அதிபர் குடும்பத்தவர். ஆனால் அவர் செய்த காரியம் என்ன? மாருதி 800-இன் எஞ்சினை வைத்து, உள்ளூரிலேயே கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை எண்பதுகளின் இறுதியில் களமிறக்கினார். வெளிநாட்டுக் கார் வாங்க வக்கில்லாத இளைஞனும் பந்தயம் ஓட்ட வழி பிறந்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்தான். அவருடைய தந்தை ஜி.ஆர்.கார்த்திகேயன் தென்னிந்திய ரேலியைப் பலமுறை வென்றவர். சென்னையின் அலிஷா அப்துல்லா, பைக் பந்தய வீரரான தந்தையைப் பார்த்துச் சிறுவயதிலேயே கார்ட் ஓட்டத் தொடங்கியவர். இவர்கள் எவரையும் வளர்த்தது அரசாங்கமன்று, குடும்பத்தின் பித்து.

இரண்டாவது குற்றச்சாட்டு, இது நமக்கு அந்நியமானது என்பது. கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது, டிஃபரென்ஷியல் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் மாட்டப்பட்டவை. வளைவில் உட்பக்கப் பின்சக்கரம் நொடிநேரம் தரையை விட்டு எழுந்தால்தான் வண்டி திரும்பும். அதற்கு அடிச்சட்டம் முறுக்கிக்கொடுக்க வேண்டும். குழாயின் கனம், வெல்டிங்கின் இடம், முன்சக்கரத்தின் சாய்வு எல்லாம் அந்த ஒரு நொடிக்காகத்தான். இதைப் புரிந்துகொள்ள நாமக்கல் பட்டறைக்காரருக்குப் பாடப்புத்தகம் வேண்டுமா? வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டிக்கு பாடி கட்டி, டேங்கர் ஏற்றி நாடெங்கும் அனுப்புகிற ஊர் அது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடமாநிலங்கள் வரை போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. இந்தச் சமவெளிக்கு இரும்பு அந்நியமென்றால் வேறு எதுதான் சொந்தம்?

மூன்றாவதாக, வீண்வேலை என்கிறார்கள். இதை நாம் சொல்வதுதான் பெரிய வேடிக்கை. சி.சு.செல்லப்பா 1959-ல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, கைப்பணத்தைக் கரைத்து, புத்தகங்களைச் சுமந்துசென்று கல்லூரி கல்லூரியாக விற்றதை நாம் காவியமாகப் பேசுகிறோம். லாபமில்லை என்று தெரிந்தே, வீட்டாரின் முணுமுணுப்பையும் தாங்கிக்கொண்டு, ஒரு காரியத்தை அதன் பொருட்டே செய்வதுதான் சிற்றிதழின் அறம் என்கிறோம். அதே அறம் கிரீஸ் படிந்த கையோடு வந்தால் அடையாளம் தெரியவில்லை நமக்கு. மாட்டையும் மனிதனையும் வைத்து 'வாடிவாசல்' எழுதியவரும் செல்லப்பாதான் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. களத்தில் நிற்பவனின் மனத்தை எழுதத் தெரிந்தவருக்குக் களம் எதுவானால் என்ன?

உயிராபத்து இல்லையா என்று கேட்பவர்களுக்கு, உண்டு என்பதே எங்கள் பதில். 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் 59 வயது கே.ஈ.குமார் கார் பந்தயத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கே நடந்த பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பிள்ளைகளை எந்த வயதில், எவ்வளவு வேகத்தில் ஓட்டவிடுவது என்ற கேள்வியைப் பந்தய ஆர்வலர்கள் தட்டிக்கழிக்கக்கூடாது. ஆனால் தடமே இல்லாத ஊரில் வேகம் எங்கே போகிறது? காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போகிறது. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் நான்குவழிச் சாலைக்குப் போகிறது. அங்கே கொடி காட்டுவோர் இல்லை, மருத்துவர் இல்லை, எதிரே வருகிறவர் பந்தயத்தில் இல்லை. சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாநிலம் இது. வேகத்தைத் திட்டிப் பயனில்லை. அதற்கு ஒரு வேலி வேண்டும்.

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, அரசின் ஆதரவோடு, இரவுநேரத் தெருப்பந்தயம் நடந்தது. ஒளிவெள்ளத்தில் மூன்றரைக் கிலோமீட்டர்த் தடம். முடிந்ததும் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். திருவிழா நடத்துவதில் தவறில்லை. ஆனால் இரண்டு நாள் வேடிக்கை விளையாட்டை வளர்க்காது. ஒரு கார்ட் தடத்துக்கு ஒரு கிலோமீட்டர் நீளம் தாராளம். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே தரிசாய்க் கிடக்கும் நிலத்தில் அப்படி ஒன்றை அமைத்து, தலைக்கவசமும் பயிற்சியாளரும் மருத்துவ வண்டியும் வைத்து, குறைந்த கட்டணத்தில் திறந்துவிடுவது அரசுக்கு ஆகாத காரியமா? புகைதான் கவலையென்றால், செட்டிபாளையத்துத் தடத்தில் பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய மின்சாரப் பந்தய வண்டிகளையும் ஓட்டுகிறார்கள், இங்கும் ஓட்டட்டும்.

தடம் போடுவது அரசின் வேலை. முகச்சுளிப்பை நிறுத்துவது நம்முடைய வேலை. காளையின் திமிலில் கண்ட அழகை, வளைவில் ஒரு நொடி எழும் சக்கரத்திலும் காணத் தெரியாத ரசனைக்கு நவீனம் என்று பெயர் வைத்துக்கொள்வது நமக்கு அழகன்று.