தோற்றவருக்கு ரூ.3 கோடி! ஏன் கொடுத்தார்கள்?

ஒருவரை, "உங்கள் வேலை சரியில்லை" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர்களே பிறகு அவருக்கு ரூ.3 கோடியே 36 லட்சம் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

இது கதை அல்ல. 2024-ம் ஆண்டு நம் நாட்டில் நடந்தது.

அவர் பெயர் இகோர் ஸ்டிமாக். குரோஷியா நாட்டுக்காரர். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியில் ஆடியவர். 2019 மே மாதம் இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்தார்.

வேலை போவது என்றால் என்ன என்று நெல்லித்தோப்பு, முதலியார்பேட்டைக் குடும்பங்களுக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஏ.எப்.டி. மில் 2020-ல் மூடப்பட்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். "எங்களுக்கு இப்படி யாரும் கோடி கொடுக்கவில்லையே!" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

தோகா ஆட்டம்

2023-ம் ஆண்டு ஸ்டிமாக்குக்கு நல்ல காலம். தெற்காசியக் கோப்பையை இந்தியா வென்றது. உலகத் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் வந்தது. அந்த மகிழ்ச்சியில் அவருடைய ஒப்பந்தத்தை 2026 ஜூன் வரை நீட்டினார்கள். மாதச் சம்பளம் 30 ஆயிரம் டாலர். ரூபாய்க் கணக்கில் சுமார் 25 லட்சம். 2025 பிப்ரவரி முதல் அதுவே 40 ஆயிரம் டாலர் ஆகும் என்று பேச்சு.

பிறகு சறுக்கல் வந்தது. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பை. 3 ஆட்டங்களிலும் தோல்வி. ஒரு கோல் கூடப் போடவில்லை. மார்ச் மாதம் கவுகாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோல்வி.

கடைசியாக ஜூன் 11-ந் தேதி தோகாவில் கத்தாருடன் ஆட்டம். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று அது. இந்தியா முதலில் கோல் போட்டது. 73-வது நிமிடத்தில் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. கத்தார் வீரர் அதை உள்ளே இழுத்துவிட்டார். உடனே கோல்! நடுவர் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டார். டெலிவிஷனில் பார்த்தவர்கள் தலையில் அடித்துக் கொண்டார்கள். 2-1 என்று இந்தியா தோற்றது.

6 நாள் கழித்து, ஜூன் 17-ந் தேதி ஸ்டிமாக் நீக்கப்பட்டார்.

வாயும் காகிதமும்

அடுத்த சுற்றுக்குப் போகாவிட்டால் நானே விலகி விடுவேன் என்று ஸ்டிமாக் முன்பு சொல்லி இருந்தார். ஆனால் அது வாயால் சொன்னது. ஒப்பந்தம் காகிதத்தில் இருந்தது.

3 மாதச் சம்பளம் தருகிறோம் என்றது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம். ஸ்டிமாக் ஒப்பவில்லை. மீதி இருந்த 2 ஆண்டுச் சம்பளத்தையும் கேட்டார். 9 லட்சத்து 20 ஆயிரம் டாலர்! தராவிட்டால் உலகக் கால்பந்து சம்மேளனத்தில் வழக்குப் போடுவேன் என்றார். அந்த ஆண்டு செப்டம்பரில் 4 லட்சம் டாலருக்குச் சமாதானம் ஆயிற்று. கேட்டதில் பாதி கூட இல்லை. ஆனாலும் பெருந்தொகை.

சம்மேளனம் ஏன் இறங்கி வந்தது? உலகக் கால்பந்து விதி அப்படி. பயிற்சியாளரைத் தக்க காரணம் இல்லாமல் இடையில் நீக்கினால், ஒப்பந்தத்தில் மீதி உள்ள காலத்தின் சம்பளம்தான் நஷ்ட ஈட்டுக்கு அடிப்படை. அதற்குள் அவருக்கு வேறு வேலை கிடைத்தால் அந்த வருமானத்தைக் கழித்துக் கொள்ளலாம். ஆட்டத்தில் தோற்றது மட்டுமே தக்க காரணம் ஆகாது. "இன்ன சுற்றுக்குப் போகாவிட்டால் இவ்வளவோடு கணக்கு முடிந்தது" என்று முதலிலேயே எழுதி இருந்தால் வேறு விஷயம்.

அப்படி எழுதவில்லை. தனக்குப் பாதுகாப்பான விதியைச் சேர்க்காமலே ஒப்பந்தம் கையெழுத்தானது என்று சம்மேளனமே அறிக்கை விட்டது. பழியை முன்னாள் நிர்வாகி ஒருவர் மேல் போட்டது. யார் மேல் பழி போட்டாலும், பணம் தோகா மைதானத்தில் போகவில்லை. கையெழுத்துப் போட்ட மேஜையிலேயே போய்விட்டது.

இங்கேதான் மில் தொழிலாளியின் கணக்கு வேறுபடுகிறது. ஆட்குறைப்பு செய்தால், அவர் முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடு என்கிறது நம் நாட்டுச் சட்டம். 20 ஆண்டு உழைத்தவருக்கு 300 நாள் சம்பளம். கிராஜுவிட்டி தனி. அதாவது, தொழிலாளிக்கு உழைத்து முடித்த ஆண்டுகளை எண்ணுகிறார்கள். பயிற்சியாளருக்கோ இனி உழைக்காத ஆண்டுகளை எண்ணுகிறார்கள்!

பிரான்சிலும் இதே கதை

புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ரேமோன் தொமெனெக் என்ற பெயர் அவர்களுக்கு நினைவிருக்கும். 2010 உலகக் கோப்பையில் பிரெஞ்சு வீரர்கள் பயிற்சிக்கே வர மறுத்தார்கள். அவர்களுடைய கடிதத்தை நிருபர்களுக்குப் படித்துக் காட்டியவர் பயிற்சியாளரான இவரே! பெரிய குற்றம் செய்தார் என்று கூறி, நஷ்ட ஈடு இல்லாமல் இவரை நீக்கினார்கள். இவர் 29 லட்சம் யூரோ கேட்டார். 2011-ல் 9 லட்சத்து 75 ஆயிரம் யூரோவுக்குச் சமாதானம் ஆயிற்று.

இங்கிலாந்தில் இன்னும் மோசம். மான்செஸ்டர் யுனைடெட் கிளப் 2024 ஜூலையில் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டியது. அக்டோபரில் அவரை நீக்கியது. அவரையும் உதவியாளர்களையும் அனுப்பிய செலவு 1 கோடியே 4 லட்சம் பவுன். நம் பணத்தில் ரூ.100 கோடிக்கு மேல். அதே ஆண்டு, செலவைக் குறைக்க வேண்டும் என்று சுமார் 250 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பவும் அந்தக் கிளப் முடிவு செய்தது.

அது தனியார் பணம். நம் சம்மேளனத்தின் பணம் அப்படி அல்ல. விளம்பரப் பணத்தோடு அரசு உதவியும் அதில் உண்டு. ஒரு பந்து ஆயிரம் ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். ரூ.3 கோடியே 36 லட்சத்துக்கு 33 ஆயிரத்து 600 பந்து வாங்கலாம். உப்பளம் மைதானத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு எத்தனை தலைமுறைக்குப் போதும்!

ஸ்டிமாக்குக்குப் பின் ஸ்பெயின் நாட்டு மனோலோ மார்க்வெஸ் வந்தார். அவர் காலத்தில் 8 ஆட்டம். வென்றது ஒன்றே ஒன்று. ஒப்பந்தத்தில் இன்னும் ஓர் ஆண்டு பாக்கி இருந்தது. ஆனாலும் 2025 ஜூலையில், இரு தரப்பும் பணம் எதுவும் கேட்காமல் பேசிப் பிரிந்தார்கள். அடுத்த மாதம் 1-ந் தேதி காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார்.