பந்தயம் இங்கே, காசு எங்கே?

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ரோட்டில் போகிற பஸ் பயணிகளுக்கு இருங்காட்டுக்கோட்டை என்றால் தொழிற்பேட்டைதான். உள்ளே 3.7 கிலோ மீட்டர் நீளத்துக்கு கார், மோட்டார் சைக்கிள் பந்தயப் பாதை இருக்கிறது. திறந்தது 1990-ல்.

அதற்கு முன் பந்தயம் என்றாலே சோழவரம்தான்! இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதையில் கார்கள் சீறின. சென்னை ஜனம் திரண்டு போனது. பந்தயம் இடம் மாறியதும் பழைய பேர்தான் மிச்சம்.

இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் கிராமத்துப் பாதையும் போர்க்கால விமான தளமே. 1948 முதல் அங்கே பெரிய பந்தயம் நடக்கிறது. ரசிகர்கள் கூடாரம் அடித்து ராத்தங்குகிறார்கள். காசு சுற்றுவட்டாரத்திலேயே புழங்குகிறது.

இருங்காட்டுக்கோட்டைக்குப் பேருக்குக் குறைவில்லை. 2005-ல் பார்முலா-1 ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது இங்கேதான். ஆனால் வருஷத்தில் சில சனி, ஞாயிறுதான் பந்தயம். சென்னையில் வீடு இருக்கிறவன் லாட்ஜில் ஏன் தங்கப் போகிறான்? போதாக்குறைக்கு, 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரிப் பந்தயம் நடத்தி, கூட்டத்தைப் பட்டணத்துக்குள்ளேயே இழுத்துக்கொண்டார்கள்.

பூந்தமல்லியில் பஸ் மாறுகிறவன் ஒரு டீயாவது குடிப்பான். காரில் வருகிறவன் நேரே கேட்டுக்குள் போய், நேரே வீட்டுக்குத் திரும்புவான். கடைக்காரர் கல்லாவுக்கு ராத்தங்கும் ஆள்தான் வேண்டும்!