கழற்றிய கூரையின் மரங்கள்

எமது கல்லூரியின் பழைய வடக்குக் கட்டடம் விழாக் கட்டடத்துக்கு இடம்விட்டுக் கழற்றப்பட்டதை அன்பர்கள் அறிவர். அதனை இடித்தது சரியோ பிழையோ என்பது ஈண்டு எமது பொருளன்று. சுவர் பிளந்திருந்தது, மாணவர் தொகையும் பெருகிவிட்டது, இடிக்க வேண்டியதாயிற்று. ஆயின் ஓடுகளை இறக்கிய பின்னர்க் கூரையிலிருந்து வந்த மரங்கள் விளையாட்டு மைதானத்தின் மேற்கு மூலையில், வேலியோரமாக, வெறும் மண்ணிற் குவிந்து கிடக்கின்றன. அவற்றை என் செய்வது என்பது பற்றிப் பழைய மாணவரிடையே பேச்சு நடக்கின்றது. மொத்தமாக ஒரு விலை பேசிக் கொந்தராத்துக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்போர் பெரும்பான்மையினர். யாம் அதற்கு மாறான கருத்துடையோம். விற்ற பின்னர்க் கூறுவதிற் பயனில்லை ஆதலின் இம்மலரிலேயே கூறிவிடுகின்றோம்.

முதலில், அக்குவியலில் இருப்பது யாது என்பதைப் பலர் சென்று பார்க்கவில்லை. தீராந்திகள் பாலை. நிலைகளும் கதவுகளும் யன்னற் சட்டங்களும் முதிரை. கைமரங்களும் சிலாகைகளும் பனை. வன்னிக் காட்டுப் பாலை நீரிலிட்டால் தாழ்ந்துபோகும் பாரமுடையது. முதிரையோ பட்டுப்போன்ற மினுக்கமுடையது. தலைமுறைக்கொரு பூச்சாகப் பூசப்பட்ட பச்சை நிறத்தை ஒரு நிலையின் மூலையிற் சுரண்டிப் பார்த்தோம். உள்ளே இளமஞ்சள் நிறம் மங்காமல் இருந்தது. இத்தகைய அளவும் வைரமும் உள்ள மரம் இன்று மரக்காலைக்குச் சென்று கேட்டாலும் எளிதிற் கிடையாது. கிடைத்தாலும் ஈரம் உலராத மரமாகவே இருக்கும். ஈரமரத்திற் செய்த கதவு முதலாண்டு கோடையிலே முறுகும். பழைய மரமோ சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, வளைய வேண்டியதெல்லாம் வளைந்து முடிந்த மரம். அதனிடம் இனி எதிர்பாராதது எதுவும் இல்லை.

பனையைப் பற்றி ஒரு வார்த்தை. மற்றை மரங்களுக்கு வைரம் நடுவிலே. பனைக்கு வைரம் வெளியிலே. உள்ளே சோறு போன்ற மென்பகுதியே உண்டு. ஆதலாற் பனங்கைமரத்தைப் பலகையாக அரியவோ, மெருகுக்காக அதிகம் சீவவோ முற்பட்டால் உள்ள வைரமும் போய்விடும். கைமரமாக இருந்ததைக் கைமரமாகவே மீண்டும் ஏற்றுவதுதான் முறை. பழைய பனைமரத்திற் பூச்சாடித் தாங்கிகளும் மேசை விளக்குகளும் செய்வோர் பெருகிவிட்ட இக்காலத்தில் இதனைச் சொல்லவேண்டியிருக்கின்றது.

சென்ற மாதம் முதிய தச்சாசாரியார் ஒருவரை அழைத்துச் சென்று குவியலைக் காட்டினோம். அவர் ஒவ்வொரு தீராந்தியையும் சிறு சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்டார். ஐயமான இடங்களில் உளிமுனையாற் குத்திப் பார்த்தார். நடுப்பாகம் எங்கும் கணீரென்றது. முனைகள்தாம் பழுது. சுவருக்குள்ளே புதைந்திருந்த ஓரடி நீளம், ஆண்டுதோறும் மாரியில் ஈரம் குடித்து, சிலவற்றிற் கறையானும் ஏறிப் பொடியாகிவிட்டது. அப்பகுதியை வெட்டி நீக்கினால் எஞ்சியது பழுதற்ற மரம். ஆனால் இருபுறமும் குறைந்து போகும். எனவே பழைய மண்டபத்தைத் தாங்கிய தீராந்தி புதிய மண்டபத்தின் அகலத்துக்கு எட்டாது. விறாந்தைக்கு எட்டும்; நூல்நிலையத்தின் பக்க அறைக்கு எட்டும். ஆசாரியார் எழுந்து கைகளைத் தட்டிக்கொண்டு, “ஐயாமார், எதைக் குடுத்தாலும் இந்தப் பாலையை மட்டும் விறகுக்குக் குடுத்திடாதேங்கோ” என்றார்.

செலவு அதிகம் என்று வாதிப்பாருமுளர். அவ்வாதம் பொய்யன்று. ஒவ்வொரு மரத்திலும் ஆணி உண்டு. தலை முறிந்து உள்ளே கறள்பிடித்த ஆணி கண்ணுக்குத் தெரியாது. வாளின் பல்லுக்குத் தான் தெரியும். காந்தத்தால் தேடிப் பிடுங்க ஆட்கூலி வேண்டும். பழைய நிறப்பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அதனை உரசும் தூசி நஞ்சு. ஆதலின் சிலர் உற்சாகத்தோடு கூறுவதுபோல் மாணவரைக் கொண்டு சிரமதானமாக உரசுவித்தல் ஒருபோதும் ஆகாது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தாற் புதிய அலுமினியச் சட்டம் மலிவாகத் தோன்றலாம். ஆயின் அக்கணக்கில் ஒருபுறந்தான் எழுதப்பட்டிருக்கின்றது. கழிவுமரம் என்று நாம் சொற்ப விலைக்குக் கொடுக்கும் அதே முதிரை, ஓரிரு மாதத்திற் சீவி மெருகிட்டு, எத்தனை மடங்கு விலையில் வேறோரிடத்து விற்கப்படும் என்பதை மறுபுறத்தில் எழுதியவர் யார்?

இவ்வாறு செய்தல் இயலாத காரியமும் அன்று. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்திற் கொழும்பில் ஏனா டி சில்வா அவர்களுக்கு நடுமுற்றம் வைத்து ஒரு வீடு கட்டினார். எமது நாற்சார் வீட்டை அறிந்தவர்களுக்கு அந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. பிற்காலத்தில் அக்காணி விற்கப்பட்டபோது, வீட்டை இடித்துக் கொட்டாமல், கல்லையும் மரத்தையும் இலக்கமிட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கையிற் கொண்டுபோய் மறுபடியும் நிறுத்தினர். அங்கே பெரும்பொருள் செலவாயிற்று. எமக்கு அவ்வளவு வசதி இல்லை. இலக்கமிடுவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு சுண்ணக்கட்டியும் ஒரு கொப்பியும் போதும். எமது கூரையை இறக்கிய அன்று அந்தக் கொப்பி இருக்கவில்லை. அலவாங்குதான் இருந்தது. மர ஆணி அறைந்து இறுக்கிய மூட்டுகள், ஆணியைத் தட்டிவிட்டாற் தாமே கழன்றிருக்கக் கூடியவை, அலவாங்கால் நெம்பிப் பிளக்கப்பட்டன. அன்று அங்கே நின்றவர்களில் யாமும் ஒருவராதலின் பிறரைக் குறைகூறும் உரிமை எமக்கில்லை.

நிற்க. விலையைக் காட்டிலும் எம் மனத்தை உறுத்துவது வேறொன்று.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995இல் வலிகாமத்தின் ஏனைய பகுதிகளிலிருந்தும் மக்கள் வீடுகளைப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். பலர் திரும்பி வந்தபோது திறப்பு இருந்தது, கதவு இல்லை. கூரை இல்லை, நிலைகளையும் சுவரோடு பெயர்த்தெடுத்திருந்தனர். வலிகாமம் வடக்காருட் பலர் 25 ஆண்டுக்குப் பின்னரே தம் காணியை மிதித்தனர். அவர்கள் கண்டது பற்றையும் அத்திவாரமும். அம்மரங்களுள் எத்தனையோ பதுங்குகுழிகளுக்கு மேலே போயின. உயிர் காத்த மரத்துக்கு யாம் கணக்குக் கேட்கவில்லை. பசித்தவன் அடுப்பில் எரிந்ததற்கும் கேட்கவில்லை. ஆனால் மற்றவை எங்கே? சித்திரம் செதுக்கிய தூணும், தாமரைக் குமிழ் வைத்த கதவும், கால் தெரியாத கைகள் பல மாறி விலைப்பொருளாயின. இன்றைக்கும் பழைய மரம் வாங்குமிடத்தில் ‘இது எவ்வூர் வீட்டு நிலை?’ என்று கேட்டாற் பேச்சு வேறு திசைக்குத் திரும்பிவிடுகின்றது.

இதனை ஈண்டு எழுதக் காரணம் உண்டு. அண்மையில் அன்பர் ஒருவர் மரக்காலையிற் கண்ட அழகிய சித்திரக் கதவொன்றை விழா மண்டபத்தின் தலைவாசலுக்கு அன்பளிப்பாக வாங்கித்தர முன்வந்தார். அவருடைய நல்லெண்ணத்தில் எமக்கு அணுவளவும் ஐயமில்லை. கதவு வந்த இடத்தை வினவியபோது விடை கிடைக்கவில்லை. யாம் அதனை ஏற்கவேண்டாம் என்று கூறினோம். அவர் மனம் நொந்தது உண்மை. எமக்கும் அது துன்பமே. ஆயினும், அக்கதவினூடாக ஒவ்வொரு காலையும் பிரார்த்தனைக்குச் செல்லும் பிள்ளைகளுள் ஒருவன் பேரனாக இருந்து, ‘இது எங்கள் அம்மம்மா வீட்டுக் கதவு’ என்று வீட்டிலே கேட்ட அடையாளத்தைச் சொல்வானாகில், அதிபர் என்ன விடை கூறுவார்?

சட்டம் காத்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச்சு 2க்கு முந்திய கட்டடங்களையே பழஞ்சின்னமாகப் பொதுவிற் கொள்கின்றது. எமது ஊர்களின் நாற்சார் வீடுகளும் பாடசாலைகளும் மடங்களும் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. அவற்றைக் கழற்றுவோரைக் கேட்பதற்கு அயலாரையன்றி எவருமிலர்.

எமது குவியலோ பிறப்பறிந்த மரம். அதன் கீழ் இருந்து கூட்டல் கழித்தல் கற்றோர் இன்றும் எம்மிடையே உளர். மழை ஒழுகிய மூலையைக் காட்டக் கூடியவர்களும், சட்டத்திற் பேனைக்கத்தியாற் பெயர் வெட்டி அடிவாங்கியவர்களும் உளர். (அப்பெயர்களுள் ஒன்று இன்று எமது செயற்குழுவில் இருக்கின்றது, எழுத்தும் அழகானதே.) யாரிடமிருந்தும் பறியாத, எவருக்கும் விடைகூற வேண்டாத மரம் இந்நாட்டிலே இவ்வளவு ஓரிடத்தில் இருப்பது அரிது. அதனைக் கொடுத்துவிட்டு ஊர் பேர் தெரியாத மரத்தை விலைக்கு வாங்குவது எமக்கு விளங்காத கணக்கு.

ஆகவே யாம் கேட்பது இது. விற்பனைப் பேச்சைப் பொதுக்கூட்டம் வரை நிறுத்தி வைக்குக. பாலைத் தீராந்திகள் புதிய விறாந்தைக்கும், பனங்கைமரங்கள் சைக்கிள் கொட்டகைக்கும் பொருந்துமா என்பதைக் கட்டட எந்திரி அளந்து சொல்லட்டும். முதிரை நிலைகளிற் பழுதற்றவை நிலைகளாகவே ஏறுக. எஞ்சியவை நூல்நிலையத்துக்கு வாங்குகளாகட்டும். பேர் வெட்டிய சட்டங்களைச் சீவாது விடுமாறு ஆசாரியாரிடம் முன்னரே சொல்லி வைத்திருக்கின்றோம். உண்மையாகவே உளுத்தது விறகாகுக; அதிலே எமக்கு வழக்கில்லை.

இவையெல்லாம் ஆறுதலாகப் பேசக் கூடியவை. பேச முடியாதது மழை. ஐப்பசி பிறக்க இன்னும் சில வாரங்களே உள. மரங்கள் மண்ணிலே கிடக்கின்றன. கீழடுக்கிற் கறையான் புற்றுமண் ஏறத் தொடங்கிவிட்டதை ஞாயிறன்று கண்டோம். இருபது முப்பது சீமெந்துக் கற்கள், இரண்டு கட்டுக் கிடுகு, தூக்கிவைக்க எட்டுப்பேர். அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு யாம் மைதானத்தின் மேற்கு மூலையில் இருப்போம்.